தீபாவளி பியர் பொங்கல்வரை தாங்குமா?

வெப்பமான வீட்டில் பியரைச் சேமிப்பதும் முதிர வைப்பதும்: காத்தோங் குடும்பங்களுக்கு ஒரு விளக்கம்

தீபாவளிக்கு விருந்தினர் வருவார்கள் என்று இரண்டு பெட்டி பியர் வாங்கி வைப்பது பல வீடுகளில் வழக்கம். பெட்டியாக வாங்கினால் விலை குறைவு. பண்டிகை முடிந்ததும் ஏழெட்டு டின்கள் மிஞ்சும். குளிர்பதனப் பெட்டியில் பலகாரமும் மீந்த கறியும் இடத்தைப் பிடித்துக்கொள்வதால், டின்கள் சமையலறை அலமாரிக்கோ ஸ்டோர் ரூமுக்கோ போய்விடும். பொங்கலன்று மாமா வீட்டுக்கு வருகிறார். ஒரு டின்னைக் குளிரவைத்துத் திறந்து கொடுத்தால், ஒரு வாய் குடித்துவிட்டு, “என்னப்பா, சப்புனு இருக்கு, அட்டை வாசம் வருது, பழைய சரக்கா?” என்று கேட்கிறார்.

டின்னின் அடியில் அச்சிட்ட தேதியைப் பார்த்தால் இன்னும் நான்கு மாதம் பாக்கி இருக்கிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று வீட்டில் பேச்சு எழும். பெரும்பாலும் அவர்மீது குற்றம் இருக்காது. அந்த இரண்டு மூன்று மாதத்தில் அலமாரியின் வெப்பம் பியரின் சுவையைத் தின்றுவிட்டது.

இதே வெப்பத்தைப் பற்றி இன்னொரு கேள்வியும் எழுவதுண்டு. மகள் பிறந்த ஆண்டில் ஒரு நல்ல பியர் போத்தலை வாங்கி வைத்து அவளுடைய திருமணத்தன்று திறக்கலாமா? ஐரோப்பாவில் அப்படிச் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு முயன்று பார்ப்போர் உண்டு. காத்தோங் போன்ற இடத்தில் அது முடியுமா? இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது: பியருக்கு வயது நாள்காட்டியில் ஏறுவதில்லை, வெப்பமானியில் ஏறுகிறது.

கள் கெடுவது வேறு, பியர் கெடுவது வேறு

இன்று அடுக்குமாடிகளும் கடைவீடுகளும் நிற்கும் காத்தோங்கில் ஒருகாலத்தில் தென்னந்தோப்புகள் இருந்தன. தென்னை என்றதும் மூத்த தலைமுறைக்குக் கள் நினைவுக்கு வரும். மலாயாத் தோட்டங்களிலும் சிங்கப்பூரிலும் கள்ளுக்கடைகள் இருந்த காலத்தை அவர்கள் அறிவார்கள். கள்ளை எவரும் சேமித்து வைத்ததில்லை. காலையில் இறக்கிய பதநீர் மதியத்துக்குள் நுரைத்துப் போதை ஏறும். மறுநாள் புளித்துக் காடியாகத் தொடங்கிவிடும். காற்றிலும் பானையிலும் இருக்கும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் அதில் நிற்காமல் வேலை செய்வதே காரணம்.

பியர் அப்படி இல்லை. முளைகட்டிய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து, வடித்த சாற்றை ஹாப்ஸ் எனப்படும் கசப்புப் பூவுடன் கொதிக்கவைக்கிறார்கள். ஆறியபின் தேர்ந்தெடுத்த ஈஸ்ட்டைச் சேர்த்து நொதிக்க விடுகிறார்கள். பெரிய ஆலைகளில் பிறகு வடிகட்டி, பாஸ்டர் முறையில் சூடாக்கி அடைக்கிறார்கள். ஆல்கஹால், கசப்பு, அமிலத்தன்மை, கரியமில வாயு ஆகிய நான்கும் சேர்ந்து நோய்க்கிருமிகளை வளரவிடாமல் தடுக்கின்றன. ஆகவே, தேதி கடந்த பியர் பொதுவாக நஞ்சாவதில்லை. அதனால் போவது சுவைதான்.

அந்தச் சுவையைக் கெடுப்பவை மூன்று: ஆக்சிஜன், வெப்பம், வெளிச்சம்.

எவ்வளவு கவனமாக அடைத்தாலும் டின்னிலும் போத்தலிலும் கொஞ்சம் ஆக்சிஜன் தங்கிவிடும். போத்தலின் மூடி வழியாகவும் மிக மெதுவாக உள்ளே நுழையும். அது பியரில் உள்ள பொருள்களோடு வினைபுரியும்போது முதலில் ஹாப்ஸின் மணம் மங்குகிறது. கசப்பு குறைகிறது. பிறகு ஈரமான அட்டைப்பெட்டியின் வாசம் எழுகிறது. டிரான்ஸ்-2-நொனினால் என்ற பொருளே இந்த வாசத்துக்கு முக்கியக் காரணம் என்று வேதியியலாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றனர். மிக நுண்ணிய அளவில் இருந்தாலே மனித மூக்கு அதைக் கண்டுகொள்ளும். மாமா சொன்ன ‘அட்டை வாசம்’ கற்பனை அல்ல.

வெப்பமே கடிகாரம்

ஆக்சிஜன் தொடங்கிவைக்கும் வேலையை விரைவுபடுத்துவது வெப்பம். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் கூடினால் இத்தகைய வினைகளின் வேகம் ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று மடங்காகும் என்பது வேதியியலில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

அமெரிக்க பியர்த் துறையில் ‘3-30-300’ என்றொரு நடைமுறை விதி உண்டு. ஏறக்குறைய 32 டிகிரியில் 3 நாள், 22 டிகிரியில் 30 நாள், 3 டிகிரியில் 300 நாள்: இந்த மூன்றும் பியரின் சுவையில் ஒரே அளவு முதுமையை உண்டாக்கும் என்கிறது அது. பியருக்குப் பியர் மாறக்கூடிய தோராயக் கணக்குதான். ஆனாலும் நிலைமையைப் புரிந்துகொள்ள இதுபோதும்.

இதைக் காத்தோங்கில் பொருத்திப் பார்ப்போம். சிங்கப்பூரில் பகலில் வெப்பநிலை 31 முதல் 33 டிகிரி வரை போகும். இரவில் 24, 25 டிகிரிக்குக் கீழே இறங்குவது குறைவு. குளிரூட்டி இல்லாத அறையின் அலமாரி, ஆண்டு முழுவதும் 28 முதல் 31 டிகிரிக்குள் இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். ஐரோப்பாவில் கோடையில் ஒரு வாரம் வரும் வெப்பம் இங்கே 52 வாரமும் இருக்கிறது.

இப்போது கணக்கு எளிது. குளிர்பதனப் பெட்டி 5 டிகிரி, அலமாரி 30 டிகிரி. வேறுபாடு 25 டிகிரி. பத்துக்கு இரண்டு மடங்கு என்று வைத்தால் அலமாரியில் பியர் ஏறக்குறைய ஆறு மடங்கு வேகமாக முதுமை அடைகிறது. மூன்று மடங்கு என்று வைத்தால் பதினைந்து மடங்கு. அலமாரியில் கழிந்த ஒரு மாதம், குளிர்பதனப் பெட்டியில் கழிந்த ஆறு மாதத்துக்குச் சமம். சில வேளைகளில் ஓராண்டைக்கூடத் தாண்டும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இடையே இரண்டு முதல் மூன்று மாதம். மாமாவின் நாக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

குளிர்ந்த பியரை வெளியே எடுத்து, சூடானபின் மறுபடி குளிரவைத்தால் கெட்டுவிடும் என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது சரியல்ல. ஒரு மாலை முழுவதும் மேசைமேல் இருந்த டின்னைத் திரும்பப் பெட்டிக்குள் வைப்பதால் பெரிய நட்டம் இல்லை. மொத்தமாக எத்தனை நாள் வெப்பத்தில் இருந்தது என்பதே கணக்கு. ஆனால் உறைபெட்டியில் மட்டும் வைத்து மறந்துவிடக் கூடாது. பியர் உறைந்து விரியும்போது போத்தல் வெடிக்கும், டின் பிளக்கும்.

பச்சைப் போத்தலும் சன்னலோரமும்

வெளிச்சம் செய்யும் கேடு தனி வகை. ஹாப்ஸின் கசப்புப் பொருள்கள் மீது சூரிய ஒளி பட்டால், பியரில் இயல்பாகவே இருக்கும் ரைபோஃபிளேவின் என்ற பி2 சத்தின் துணையோடு அவை உடைந்து, கந்தகம் சேர்ந்த ஒரு புதிய பொருள் உருவாகிறது. அதன் நாற்றம் எரிந்த ரப்பரையும் விலங்கு வாடையையும் நினைவூட்டும். இதற்கு மாதக்கணக்கு வேண்டாம். தெளிந்த கண்ணாடியில் இருக்கும் பியருக்கு நேரடி வெயிலில் சில நிமிடங்களே போதும்.

பழுப்புக் கண்ணாடி இந்த ஒளியைப் பெரும்பாலும் தடுக்கும். பச்சைக் கண்ணாடி கொஞ்சமே தடுக்கும். நிறமற்ற கண்ணாடி ஏறக்குறைய தடுக்கவே தடுக்காது. டின்னுக்குள் ஒளியே புகாது. எனவே ‘போத்தல்தான் உயர்வு, டின் மட்டம்’ என்ற எண்ணத்தை இந்த ஊரில் மாற்றிக்கொள்வது நல்லது. சேமித்து வைக்க வேண்டுமென்றால் டின்னே பாதுகாப்பானது. வாய்ச்சுவைக்கு உலோகம் பிடிக்கவில்லை என்றால் கண்ணாடிக் குவளையில் ஊற்றிக் குடிக்கலாம்.

வீட்டுக்குள் எந்த இடம்?

வட்டாரத்துக்கு வட்டாரம் வீடு வேறுபடும். மரின் பரேடில் கடலை நிரப்பிய நிலத்தில் 1970களில் எழுந்த வீவக அடுக்குமாடிகள் ஒரு வகை. ஜூ சியாட் ரோட்டிலும் ஈஸ்ட் கோஸ்ட் ரோட்டிலும் உள்ள பழைய கடைவீடுகள் இன்னொரு வகை. புதிய கூட்டுரிமை வீடுகள் மூன்றாவது வகை. எதில் குடியிருந்தாலும் தவிர்க்க வேண்டிய இடங்கள் ஒன்றுதான்.

அடுப்புக்கு மேலோ பக்கத்திலோ உள்ள அலமாரி கூடாது. குளிர்பதனப் பெட்டியின் மேற்புறமும் பக்கவாட்டுச் சுவரும் வெப்பத்தை வெளியேற்றுபவை என்பதால் அங்கேயும் கூடாது. மேற்கு வெயில் படும் சன்னலோரம், மாடம், குளிரூட்டியின் வெளிப்பெட்டி இருக்கும் திட்டு ஆகியவையும் ஆகா. எல்லாவற்றையும்விட மோசமான இடம் காரின் பின்பெட்டி. வெயிலில் நிறுத்திய காரின் உள்வெப்பம் 50 டிகிரியைத் தாண்டும். ஜோகூரிலிருந்து வரி செலுத்திக் கொண்டுவரும் பியரும் கடற்பாலத்து நெரிசலில் மணிக்கணக்காக வெந்துவிட்டுத்தான் வீடு வந்து சேர்கிறது.

1990களின் பிற்பகுதியிலிருந்து கட்டப்பட்ட வீவக வீடுகளில் ‘பாம் ஷெல்ட்டர்’ என்று எல்லாரும் அழைக்கும் தடித்த சுவர் அறை இருக்கிறது. சன்னல் இல்லை, இருட்டு, வெப்பநிலையும் அதிகம் ஏறி இறங்காது. இதனால் அதைப் பியர் வைக்க ஏற்ற நிலவறை என்று சிலர் கருதுகின்றனர். பாதிதான் உண்மை. வெளிச்சத்திலிருந்து அது காக்கும். ஆனால் ஐரோப்பிய நிலவறை 10 முதல் 14 டிகிரியில் இருக்கும். இங்கே அந்த அறை சீராக 28, 29 டிகிரியில் இருக்கும். சீரான வெப்பமும் வெப்பம்தான்.

இரவில் எட்டு மணி நேரம் குளிரூட்டி ஓடும் படுக்கையறையின் அலமாரி அதைவிடச் சற்று மேல். 25 டிகிரியில் கழியும் ஒவ்வோர் இரவும் கொஞ்சம் ஆயுளைக் கூட்டும். ஆனாலும் அது சில வாரங்களுக்குத்தான் உதவும்.

சந்தேகம் இருப்பவர்கள் குறைந்தபட்ச, அதிகபட்ச வெப்பநிலையைப் பதிந்துகொள்ளும் சிறிய வெப்பமானியை அலமாரியில் ஒரு வாரம் வைத்துப் பார்க்கலாம். அது காட்டும் எண் பலருக்கு வியப்பாக இருக்கும்.

இங்குள்ள ஈரப்பதத்தையும் மறக்கக் கூடாது. சிங்கப்பூரில் காற்றின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். போத்தல் மூடிகள் துருப்பிடிக்கும், லேபிள் பூஞ்சை பிடித்து உரியும், அட்டைப்பெட்டிக்குள் கரப்பான்பூச்சி குடியேறும். நெடுநாள் வைக்கும் போத்தலை மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் வைப்பது நல்லது.

வெள்ளைக்காரர் கப்பலில் அனுப்பினார்களே?

இந்த இடத்தில் ஒரு நியாயமான கேள்வி எழும். குளிர்பதனப் பெட்டியே இல்லாத காலத்தில் இங்கிலாந்திலிருந்து மதராசுக்கும் கல்கத்தாவுக்கும் பீப்பாய்களில் பியர் வந்ததே? பாய்மரக் கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றி, நிலநடுக்கோட்டை இரண்டு முறை கடந்து, நான்கு முதல் ஆறு மாதம் பயணம் செய்ததே? அது எப்படித் தாங்கியது?

அந்தப் பியர் தாங்குவதற்கென்றே செய்யப்பட்டது. ஹாப்ஸ் மிக அதிகம். இனிப்பு எஞ்சாமல் நன்றாக நொதித்தது. பீப்பாய்க்குள் ஈஸ்ட் உயிரோடு இருந்து, உள்ளே நுழைந்த ஆக்சிஜனை உண்டது. பயண வெப்பத்திலேயே அது முதிர்ந்து, கரையிறங்கியதும் குடிக்கப்பட்டது. இன்று ‘ஐபிஏ’ என்று விற்கப்படும் வகையின் பெயரில் ‘இந்தியா’ இருப்பது இந்த வணிகத்தால்தான். ஆனால் பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. இன்றைய ஐபிஏ பழவாசமும் பூவாசமும் புதிதாக வீச வேண்டும் என்று செய்யப்படுவது. எல்லாவற்றிலும் சீக்கிரம் மணம் போவது அதற்குத்தான்.

வெப்ப நாட்டிலேயே பியர் வடிக்க விரும்பியவர்கள் குளிரைத் தேடி மலை ஏறினார்கள். வட இந்தியாவில் கசௌலி, தமிழகத்தில் நீலகிரி, இலங்கையில் நுவரெலியா என்று 19ஆம் நூற்றாண்டின் ஆலைகள் மலைகளில் அமைந்தன. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் சராசரி வெப்பநிலை 16 டிகிரி அளவில்தான் இருக்கும். தேயிலைத் தோட்டத் தமிழர்களுக்கு நடுங்க வைத்த அந்தக் குளிர், பியருக்கு இயற்கை தந்த குளிர்பதனப் பெட்டி. ‘லயன்’ பியரின் தொடக்கம் அங்கேதான்.

பிறகு இயந்திரக் குளிர் வந்தது. ஜெர்மானியப் பொறியாளர் கார்ல் வான் லிண்டே 1870களில் உருவாக்கிய குளிர்பதன இயந்திரம் முதலில் போன இடங்களில் ஒன்று மியூனிக் நகரின் ஒரு பியர் ஆலை. மலையைத் தேடிப் போக வேண்டிய தேவை அதோடு குறைந்தது. நிலநடுக்கோட்டுக்கு அருகே கடல்மட்டத்தில் இருக்கும் சிங்கப்பூரில் 1931ல் மலாயன் புரூவரீஸ் நிறுவனம் தொடங்கப்பட்டதும், அலெக்சாண்ட்ரா ரோட்டில் 1932ல் டைகர் பியர் பிறந்ததும் அந்தக் குளிரின் பயனாகத்தான்.

ஆலை எத்தனை கோடி செலவழித்துக் குளிரில் வடித்தாலும், கடைசிக் கட்டம் வீட்டு அலமாரியில்தான் முடிகிறது. அங்கே குளிர் இல்லையென்றால் முந்தைய உழைப்பெல்லாம் வீண்.

எந்தப் பியர் முதிரும்?

சந்தையில் உள்ள பியரில் மிகப் பெரும்பகுதி முதிர வைக்க ஏற்றதல்ல. பொன்னிற லாகர், கோதுமை பியர், ஐபிஏ, குறைந்த ஆல்கஹால் வகைகள் எல்லாம் ஆலையைவிட்டு வெளிவரும் நாளில்தான் உச்சத்தில் இருக்கும். ஒவ்வொரு நாளும் இறக்கம்தான். இவற்றை வாங்கியதும் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, கூடியவரை விரைவில் குடித்துவிடுவதே முறை.

முதிரத் தகுந்தவைக்கு மூன்று அடையாளம் சொல்லலாம். ஒன்று, ஆல்கஹால் 8 விழுக்காடோ அதற்கு மேலோ இருப்பது. இரண்டு, வறுத்த மால்ட்டின் கருமையோ அடர்த்தியான இனிப்போ இருப்பது. மூன்று, போத்தலின் அடியில் ஈஸ்ட் மெல்லிய வண்டலாகப் படிந்திருப்பது. கறுப்பு இம்பீரியல் ஸ்டவுட், பார்லி வைன், பெல்ஜியத் துறவிமடங்களின் அடர்ந்த பியர் வகைகள் இதில் அடங்கும். பெல்ஜியத்தின் ஷிமே மடத்து நீல லேபிள் பியரில் 9 விழுக்காடு ஆல்கஹால் உண்டு. முதிர வைப்போருக்கு உதவியாக லேபிளிலேயே ஆண்டைக் குறிப்பிடுகிறார்கள். இங்கிலாந்தின் டார்செஸ்டர் நகரில் 1968ல் முதலில் வடிக்கப்பட்ட ‘தாமஸ் ஹார்டிஸ் ஏல்’ 25 ஆண்டுவரை தாங்கும் என்று சொல்லியே விற்கப்பட்டது. லேம்பிக் என்ற புளிப்பு வகை மட்டும் விதிவிலக்கு. ஆல்கஹால் குறைவாக இருந்தாலும் அதன் அமிலமும் காட்டு ஈஸ்ட்டும் அதை ஆண்டுக்கணக்கில் காக்கின்றன.

நம்மவர்களுக்குப் பழக்கமான ஸ்டவுட் வகைகளைப் பற்றிக் கேட்போர் உண்டு. 8.8 விழுக்காடு உள்ள லயன் ஸ்டவுட்டும், 8 விழுக்காடு உள்ள ஏபிசி ஸ்டவுட்டும் சாதாரண லாகரைவிட வெப்பத்தைப் பொறுத்துக்கொள்ளும். ஆக்சிஜன் உண்டாக்கும் சில வாசங்கள் வறுத்த மால்ட்டுக்குள் மறைந்துவிடும். ஆனால் ஈஸ்ட் இல்லாமல் வடிகட்டி அடைத்த பியர் பொறுத்துக்கொள்ளுமே தவிர, ஆண்டுக்கணக்கில் வைத்தாலும் பெரிதாக மெருகேறாது.

முதிரும்போது என்ன நடக்கிறது? ஆல்கஹாலின் காரம் தணிகிறது. கசப்பு மென்மையாகிறது. பேரீச்சை, உலர்ந்த திராட்சை, கருப்பட்டி ஆகியவற்றை நினைவூட்டும் சுவைகள் எழுகின்றன. இதுவும் ஆக்சிஜனின் வேலையே. லாகரில் அட்டை வாசமாக வருவது, தகுந்த பியரில், தகுந்த குளிரில், மெதுவாக நடந்தால் இனிய முதிர்ச்சியாக மாறுகிறது. ஊறுகாயையும் பழைய சோற்றையும் அறிந்த நமக்கு இது புதிதல்ல. ஒன்றில் பக்குவம் எனப்படுவது இன்னொன்றில் ஊசிப்போதல்.

சூட்டில் வைத்தால் சீக்கிரம் முதிருமே என்று கணக்குப் போடுவோர் உண்டு. 12 டிகிரி நிலவறையில் ஐந்தாண்டு ஆவதை 30 டிகிரியில் ஓராண்டில் பெற்றுவிடலாமே என்ற எண்ணம் அது. எண் சரியாக வந்தாலும் சுவை சரியாக வராது. வெப்பம் எல்லா வினைகளையும் ஒரே விகிதத்தில் விரைவுபடுத்துவதில்லை. வெந்த சுவையும் சோயா சாஸ் வாடையும் முந்திக்கொள்ளும். காத்துவரும் ஈஸ்ட் செத்துக் கரைந்து வேறொரு நாற்றத்தைத் தரும். மாங்காயைக் கல் வைத்துப் பழுக்கவைத்தால் நிறம் வரும், சுவை வராதல்லவா? அதைப் போலத்தான்.

முதிர வைக்கும் முறை

காத்தோங்கில் பியரை முதிர வைக்க முடியும். ஆனால் அதற்கு மின்சாரம் வேண்டும். ஒயின் வைக்கும் சிறிய குளிர்பெட்டி ஒரு வழி. பழைய குளிர்பதனப் பெட்டியோடு வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவியை இணைத்து 12, 13 டிகிரியில் வைத்துக்கொள்வது இன்னொரு வழி. இரண்டுக்கும் இடம் இல்லையென்றால் வழக்கமான குளிர்பதனப் பெட்டியின் அடித்தட்டில், பின்புறமாக, இரண்டு மூன்று போத்தல்களை வைக்கலாம். அந்தக் குளிரில் முதிர்ச்சி மிக மெதுவாக நடக்கும். கெடாது என்பது உறுதி.

போத்தலைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி வைக்க வேண்டும். வண்டல் அடியில் தங்கும், காற்றோடு படும் பரப்பும் குறையும். வாங்கிய தேதியைச் சிறு ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டிவிட வேண்டும். ஒரே பியரில் குறைந்தது மூன்று போத்தல் வாங்குவது புத்திசாலித்தனம். ஒன்றைப் புதிதாகவே குடித்துச் சுவையை நினைவில் வைக்கலாம். இரண்டாவதை ஓராண்டு கழித்துத் திறக்கலாம். அது நன்றாக இருந்தால் மூன்றாவதற்கு இன்னும் காலம் கொடுக்கலாம். சரியில்லையென்றால் உடனே குடித்து முடிக்கலாம். ஒரே ஒரு போத்தலை இருபது ஆண்டு காத்து, விசேஷ நாளில் திறந்து ஏமாறுவதைவிட இது மேல்.

திருமணம் போன்ற நாளுக்கென வைப்பவர்கள் ஐந்து ஆண்டு இலக்கை வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்தது. இருபது ஆண்டு தாங்கும் பியர் உலகில் மிகச் சில. வீட்டில் இருபது ஆண்டு நிற்காமல் ஓடும் குளிர்பெட்டி அதைவிட அரிது.

வீட்டிலேயே வடிப்பவர்களுக்கு

சிங்கப்பூரில் 18 வயது நிறைந்தவர்கள் தங்கள் சொந்தப் பயன்பாட்டுக்காக, ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை உரிமம் இல்லாமல் வீட்டில் பியர் வடிக்கலாம். விற்கக் கூடாது. சாராயம் காய்ச்சுவதற்கு இந்தச் சலுகை இல்லை.

இங்கே வெப்பம் சுவையோடு நிற்பதில்லை. பாதுகாப்பையும் தொடுகிறது. நொதிப்பு முழுதாக முடியுமுன் போத்தலில் அடைத்தால், 30 டிகிரி வெப்பத்தில் ஈஸ்ட் எஞ்சிய சர்க்கரையை வேகமாக உண்டு வாயுவை உண்டாக்கும். அழுத்தம் தாங்காமல் கண்ணாடி வெடிக்கும். அடர்த்தி அளவுகோல் அடுத்தடுத்து மூன்று நாள் ஒரே எண்ணைக் காட்டிய பின்னரே அடைக்க வேண்டும். அப்போது சேர்க்கும் சர்க்கரையைக் கரண்டியால் அளக்காமல் தராசில் நிறுத்துப் போட வேண்டும். லிட்டருக்கு 6, 7 கிராம் பெரும்பாலும் போதும். போத்தல்களை மூடியுள்ள தடித்த பெட்டியில், குழந்தைகள் கைபடாத இடத்தில் வைக்க வேண்டும். நுரை தயாரானதும் எல்லாவற்றையும் குளிர்பதனப் பெட்டிக்கு மாற்றிவிட்டால் ஆபத்து பெரிதும் குறையும்.

வாங்கும்போதே பாதி வேலை

வீட்டுக்கு வருமுன்பே வெந்துபோன பியரை எந்தக் குளிர்பதனப் பெட்டியும் மீட்டுத் தராது. டின்னின் அடியில் அல்லது போத்தலின் கழுத்தில் உள்ள தேதியைப் பார்த்து, கூடியவரை புதியதை எடுக்க வேண்டும். ஐந்தடி நடைபாதையில் வெயில்பட அடுக்கிய பெட்டியைவிட, கடையின் உள்ளே குளிரில் இருப்பது நல்லது. சலுகை விலையில் குவித்து விற்கப்படும் பெட்டிகளின் காலாவதித் தேதி நெருங்கியிருக்கக்கூடும். அன்றைக்கே விருந்து என்றால் அது இலாபம். மூன்று மாதம் வைக்க என்றால் நட்டம்.

இந்த நட்டம் சிறியதல்ல. சிங்கப்பூரில் பியருக்கான உற்பத்தித் தீர்வை, அதிலுள்ள ஆல்கஹாலில் லிட்டருக்கு 60 வெள்ளி. 5 விழுக்காடு உள்ள 330 மில்லி டின் ஒன்றில் மட்டும் ஏறத்தாழ 1 வெள்ளி தீர்வையாகவே போகிறது. பொருள் சேவை வரி தனி. எட்டு டின் வீணானால் எட்டு வெள்ளி வரியையும் சேர்த்துத் தொட்டியில் கொட்டுகிறோம் என்று பொருள்.

இரவு 10.30 மணி முதல் காலை 7 மணி வரை கடைகளில் வாங்கிச் செல்ல மதுபானம் விற்கக் கூடாது என்ற சட்டம் 2015 முதல் நடப்பில் இருக்கிறது. அதனால் முன்கூட்டியே வாங்கி வீட்டில் வைத்துக்கொள்வோர் உண்டு. அப்படி வைப்பவர்கள் குளிர்பதனப் பெட்டியில் எவ்வளவு இடம் இருக்கிறதோ அவ்வளவு மட்டும் வாங்குவது சுவைக்கும் நல்லது, பணப்பைக்கும் நல்லது.

உடலுக்கும் அதுவே நல்லது. முதிரத் தகுந்த பியர் எல்லாம் கடுமையானவை. 5 விழுக்காடு உள்ள 330 மில்லியில் ஏறத்தாழ 13 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 9 விழுக்காடு என்றால் 23 கிராம். ஒரு போத்தல்தானே என்று நினைத்துக் குடிப்பது ஏறக்குறைய இரண்டு டின்னுக்குச் சமம். இத்தகைய போத்தலை இரண்டு மூன்று பேர் பகிர்ந்து, சிறு குவளைகளில், உணவோடு குடிப்பதே வழக்கம். குடித்தபின் வண்டி ஓட்டும் பேச்சே கூடாது. வீட்டில் இருப்பு இருந்தால் கை தானாகப் போகிறது என்று உணர்பவர்களுக்கு மிகச் சிறந்த சேமிப்பு முறை, வாங்கி வைக்காமல் இருப்பதே.

ஒரு மாதச் சோதனை

இவ்வளவையும் நம்ப மனம் வராதவர்களுக்கு எளிய வழி ஒன்று உண்டு. ஒரே தேதியிட்ட ஒரே பியரில் நான்கு டின் வாங்கி, இரண்டைக் குளிர்பதனப் பெட்டியிலும் இரண்டை அலமாரியிலும் வைக்க வேண்டும். ஒரு மாதம் கழித்து, முந்திய இரவே எல்லாவற்றையும் குளிரவைத்து, எது எது என்று சொல்லாமல் வீட்டில் உள்ள பெரியவர்களுக்கு ஊற்றிக் கொடுத்துக் கேட்கலாம். வேறுபாடு தெரியவில்லையா? அலமாரியில் இன்னும் இரண்டு வாரம் வைக்கலாம். தெரிந்துவிட்டதா? அந்த வீட்டில் பியர் எத்தனை நாள் தாங்கும் என்ற கணக்கு கையில் வந்துவிட்டது. அடுத்த தீபாவளிக்கு எத்தனை பெட்டி வாங்குவது என்பதை அதைக் கொண்டே முடிவு செய்யலாம்.

பொங்கலுக்கு வரும் மாமாவுக்கு, பொங்கல் வாரத்தில் வாங்கிய பியரே போதும்.